தென்னைக்குக் கீழே என்ன வைக்கலாம்? காப்பி மரம் சொல்லும் பாடம்



கொஞ்ச நாளாக எங்கள் வள்ளூர், மீஞ்சூர், பொன்னேரி பக்கம் ஒரு கேள்வி சுற்றிக்கொண்டு இருக்கிறது. "மேனேஜர் சார், தென்னைக்குக் கீழே காப்பி வைக்கலாமாமே? ரொபஸ்டான்னு ஒரு ரகம் சமவெளியிலயும் வருமாம். நாற்று கொண்டுவந்தே குடுக்கறாங்களாம். வைக்கட்டுமா?" வங்கியில் வேலை பார்த்த காலத்தில் பழனி மலை அடிவாரக் கிளை ஒன்றில் சில வருடம் இருந்தேன். காப்பித் தோட்டக்காரர்களுக்குப் பயிர்க்கடன் கொடுக்க மலை ஏறி இறங்கியிருக்கிறேன். அதனால் இந்தக் கேள்வி என்னிடம் வந்து நிற்கிறது.

கேள்விக்குப் பின்னால் இருக்கிற கவலை எனக்குப் புரியும். எங்கள் பக்கம் ஒரு ஏக்கர் தென்னை வைத்திருக்கிறவருக்கு அதில் மட்டும் குடும்பம் ஓடாது. தேங்காய் விலை இறங்கினால் பறிப்புக் கூலிக்கே போய்விடுகிறது. ஒருபக்கம் துறைமுகம், ஒருபக்கம் தொழிற்சாலை, நடுவில் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே இருக்கிறது. தோப்பில் ஒரு வருடம் வருமானம் குறைந்தால், அடுத்த வருடம் அங்கே மனைக்கல் நடுகிறார்கள். ஆகவே தென்னைக்குக் கீழே இருக்கிற அந்த வெறும் தரை சும்மா கிடக்கும் இடம் இல்லை. அது வருமானம் கொடுத்தால் தோப்பு நிற்கும். கொடுக்காவிட்டால் தோப்பு போகும். அங்கே எதை வைப்பது என்பதை யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதற்குக் காப்பி மரத்தையே ஆசிரியராக வைத்துக்கொள்வோம். அது எங்கே பிறந்தது, எப்படி வாழ்கிறது என்று பார்த்துவிட்டு, பிறகு வள்ளூருக்கு வருவோம்.

பெரிய மரத்தின் காலடியில் பிறந்தது

காப்பி ஆப்பிரிக்கக் காட்டு மரம். செடி என்று சொல்லிப் பழகிவிட்டோம். தோட்டத்தில் நுனியை வெட்டி வெட்டிக் கைக்கு எட்டும் உயரத்தில் நிறுத்துவதால் அப்படித் தெரிகிறது. வெட்டாமல் விட்டால் சிறு மரமாகவே வளரும். காஃபியா என்ற பேரினத்தில் 120-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் உள்ளவை. நாம் குடிப்பது முக்கியமாக இரண்டு. அராபிகா, தென்மேற்கு எத்தியோப்பியாவின் மலைக்காடுகளைச் சேர்ந்தது. ரொபஸ்டா என்று சொல்லும் காஃபியா கனெஃபோரா, மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில், காங்கோ ஆற்றுப் படுகை போன்ற இடங்களின் தாழ்நில மழைக்காட்டைச் சேர்ந்தது.

அந்தக் காட்டை ஒரு மாடி வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். மேல்மாடியில் 30, 40 மீட்டர் உயர மரங்கள். நடுமாடியில் அதைவிடக் குட்டையானவை. கீழ்மாடியில் காப்பி போன்ற சிறு மரங்கள். இந்தக் கீழ்மாடி மரங்களை நான் அடிமரம் என்று சொல்லப்போகிறேன். மேலே இரண்டு மாடியும் தின்றது போக மிச்சம் விழுகிற வெளிச்சத்தில் குடும்பம் நடத்துகிற மரம் அது.

மிச்சத்தில் வாழ்வதற்கு அது சில ஏற்பாடுகளைச் செய்திருக்கிறது. காப்பி இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். கரும்பச்சை, பளபளப்பு, நுனி நீண்டு கூர்மையாக இருக்கும். மழைநீர் இலையில் தங்காமல் நுனி வழியே வடிந்துவிடும். இலையின் அடிப்பக்கத்தில் நடுநரம்பும் கிளைநரம்பும் சேரும் இடத்தில் சின்னக் குழி இருக்கும். இலையில் வாழும் நுண்ணிய சிலந்திப்பேன் வகைகளுக்கு அது வீடு. அவற்றில் பல, பயிரைத் தின்னும் பூச்சியையும் பூஞ்சையையும் தின்பவை. பூச்சிக்காவலுக்கு வாடகையில்லா வீடு கட்டிக் கொடுத்திருக்கிறது அந்த மரம்.

இன்னொன்று முக்கியம். காப்பி இலை முழு வெயிலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் கிடைத்தாலே தன் முழு வேலையையும் செய்துவிடும். அதற்கு மேல் வரும் வெயிலால் இலைக்கு லாபம் இல்லை, சூடுதான் ஏறும். அதற்காக நிழல் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அடர்ந்த காட்டில் தரைக்கு வரும் வெளிச்சம் 100-ல் ஒன்றிரண்டுதான். அங்கே காப்பி உயிரோடு இருக்கும், காய் காய்ப்பது சொற்பம். எத்தியோப்பியாவில் காட்டுக் காப்பி பறிக்கிற மக்கள் மேல்மரங்களைக் கொஞ்சம் கழித்து வெளிச்சம் இறங்க வழி விடுகிறார்கள். காட்டை அழிப்பதில்லை, ஜன்னல் திறக்கிறார்கள்.

நிழலை எடுத்தபோது நடந்தது

நம் நாட்டுக்குக் காப்பி வந்த கதை தெரிந்ததே. 17-ஆம் நூற்றாண்டில் பாபா புடான் ஏமனிலிருந்து ஏழு விதை கொண்டுவந்து சிக்கமகளூரு பக்கத்து மலையில் ஊன்றினார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். பெரிய தோட்டமாக அது பரவியது ஆங்கிலேயர் காலத்தில்.

இலங்கையில் 19-ஆம் நூற்றாண்டில் மலைக்காட்டை மொட்டையடித்துக் காப்பியை மட்டும் வரிசையாக நட்டார்கள். அந்தத் தோட்டங்களில் உழைக்கப் போனவர்கள் நம் மக்கள். மதுரை, ராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் நடந்தே போனார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஏராளம். 1869-இல் அந்தத் தோட்டங்களில் இலையில் ஆரஞ்சு நிறப் பொடி தெரிந்தது. இலைத் துரு நோய். இருபது வருடத்துக்குள் இலங்கையின் காப்பித் தொழில் சரிந்து, அதே மலையில் தேயிலை ஏறியது. 1880 முதல் 1882 வரை அங்கே ஆராய்ச்சி செய்த மார்ஷல் வார்டு, ஒரே பயிர் இடைவெளி இல்லாமல் மலை மலையாக நின்றதுதான் நோய் பரவ வசதி செய்தது என்று கண்டார். பூஞ்சையின் விதைத்தூள் காற்றில் போகும். தடுக்க மரம் இல்லை, வேறு பயிர் இல்லை. ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்கு அது சும்மா நடந்து போனது.

துரு நோய்க்குப் பிறகுதான் உலகம் ரொபஸ்டா பக்கம் திரும்பியது. காங்கோவிலிருந்து ஐரோப்பா வழியாக 1900-ஐ ஒட்டி ஜாவா தீவுக்குப் போய், அங்கிருந்து ஆசியா முழுக்கப் பரவியது. அது துரு நோயைத் தாங்கும்.

நம் நாட்டில் அராபிகாவுக்குப் பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான். வண்டு முட்டை வைக்க வெயில் படும் தண்டைத்தான் தேடிப் போகும். பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும், புழு உள்ளே குடைந்து மரத்தையே கொல்லும். இதற்குத் தோட்டக்காரர்கள் செய்யும் முதல் காரியம், தண்டில் வெயில் படாமல் நிழலைச் சரி செய்வது. மருந்து பிறகுதான். நிழல் எடுத்த இடத்தில் வண்டு, நிழல் இருக்கும் இடத்தில் வண்டு குறைவு. நம் இயக்கத்தில் நாம் திரும்பத் திரும்பப் பேசும் விஷயத்துக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

பழனி மலையில் நான் பார்த்த கணக்கு

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, ஆடலூர் என்று போனால் காப்பித் தோட்டம் எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது.

தோட்டத்தின் மேல்மாடியில் பலா, அத்தி, சில்வர் ஓக் போன்ற மரங்கள். அவற்றின் மேல் மிளகுக் கொடி. அடுத்த மாடியில் கல்யாண முருங்கை. அதற்கும் கீழே காப்பி, நடுவில் மலைவாழை, ஆரஞ்சு, எலுமிச்சை. கல்யாண முருங்கை பயறு வகைக் குடும்பம், காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்க்கும். கொம்பு வெட்டி ஊன்றினாலே வேர் பிடிக்கும். மழை தொடங்கும்போது அதன் கிளைகளைக் கழித்துவிடுவார்கள். தழை முழுவதும் மூடாக்காகக் காப்பியின் காலடிக்குப் போகும். மேகமூட்டமான நாளில் காப்பிக்கு வெளிச்சம் கிடைக்கும். கோடை வருவதற்குள் அது மறுபடி துளிர்த்துக் குடை பிடிக்கும். நிழல் என்பது ஒருமுறை நட்டுவிட்டு மறப்பது இல்லை, பருவத்துக்குப் பருவம் கூட்டிக் குறைக்க வேண்டிய வேலை என்பதை அந்த மலை விவசாயிகளிடம்தான் கற்றேன்.

கடன் கொடுத்தவன் கண்ணில் பட்ட இன்னொரு விஷயம். 2000-த்தை ஒட்டிய சில வருடங்களில் உலகச் சந்தையில் காப்பி விலை படுபாதாளத்துக்குப் போனது. காப்பி மட்டும் வைத்திருந்தவர்கள் தவணை கட்ட முடியாமல் தவித்தார்கள். மிளகும் வாழையும் ஆரஞ்சும் வைத்திருந்தவர்கள் தாமதமாகவாவது கட்டினார்கள். வங்கிப் படிவத்தில் "பயிர்" என்ற கட்டத்தில் காப்பி என்று ஒரே வார்த்தைதான் எழுதுவோம். கடனைக் காப்பாற்றியது அந்தக் கட்டத்துக்குள் வராத மற்ற மாடிகள்.

வள்ளூருக்குக் காப்பி வருமா?

இப்போது விண்ணப்பத்தைப் பரிசீலிப்போம். காப்பி வாரியம் சொல்லும் தேவையை ஒருபக்கம் எழுதி, நம் நிலத்தை மறுபக்கம் எழுதிப் பார்க்கலாம்.

உயரம்: அராபிகாவுக்கு 1,000 முதல் 1,500 மீட்டர், ரொபஸ்டாவுக்கு 500 முதல் 1,000 மீட்டர். நாம் கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில் இருக்கிறோம்.

வெப்பம்: ரொபஸ்டாவுக்கு 20 முதல் 30 டிகிரி. நமக்குக் கத்திரி வெயிலில் 40 தாண்டுகிறது.

மழை: ரொபஸ்டாவுக்கு வருடம் 1,000 முதல் 2,000 மில்லிமீட்டர். சென்னையின் சராசரி சுமார் 1,400. இந்த ஒரு கட்டத்தில் நாம் தேறுகிறோம் என்று நினைப்பீர்கள். ஆனால் நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். காப்பி பூப்பதற்கு மாசி, பங்குனியில் ஒரு மழை வேண்டும். மலையில் அதைப் பூ மழை என்பார்கள். அந்த மழை விழுந்து எட்டுப் பத்து நாளில் தோட்டமே வெள்ளையாகப் பூக்கும். நமக்கு அப்போது வானம் வெறிச்சோடிக் கிடக்கும். தெளிப்பு நீர் போட்டுப் பூக்க வைக்கலாம் என்பார்கள். உண்மைதான், ரொபஸ்டா தோட்டங்களில் செய்கிறார்கள். ஆனால் நம் கிணற்றுத் தண்ணீரை இலை மேல் தெளிக்க முடியுமா?

தண்ணீரும் மண்ணும்: மீஞ்சூர் வட்டார நிலத்தடி நீர் நகரத்துக்கும் தொழிலுக்கும் பல பத்தாண்டுகளாக உறிஞ்சப்பட்டு, கடல்நீர் உள்ளே ஏறிய வரலாறு நமக்குத் தெரியும். காப்பி லேசான அமிலத் தன்மையுள்ள, வடிகால் நல்ல மண்ணைக் கேட்கும், உப்பைத் தாங்காது.

மகரந்தம்: ரொபஸ்டா தன் மகரந்தத்தில் தானே காய்க்காது. வேறு ரக மரத்திலிருந்து காற்றோ தேனீயோ கொண்டுவர வேண்டும். ஒரே கொம்பிலிருந்து எடுத்த நாற்றாகப் பத்து வைத்தால் பூவோடு நிற்கும்.

விற்பனை: பழத்தைப் பறித்து, காயவைத்து, தோல் நீக்கி, தரம் பிரித்து விற்க வேண்டும். மலையில் அதற்கு வியாபாரியும் ஆலையும் இருக்கிறது. இங்கே பத்துக் கிலோ காய்ந்த பழத்தை வைத்துக்கொண்டு யாரைத் தேடுவது?

அழகுக்கு நாலு செடி வீட்டு நிழலில் வைத்துப் பாருங்கள், தடுக்க மாட்டேன். பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஆனால் தோப்பைக் காப்பாற்றும் வருமானமாக அதை நம்பிக் கடன் வாங்குவதற்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

காப்பியின் சொந்தக்காரர்கள் இங்கேயே இருக்கிறார்கள்

காப்பியை விடுவோம், அது காட்டிய முறையை எடுத்துக்கொள்வோம். மேலே தென்னை இருக்கிறது. கீழே நம் மண்ணிலேயே பிறந்த அடிமரம் எது?

சோழமண்டலக் கடற்கரை ஓரத்தில் ஒரு காலத்தில் உலர் பசுமைமாறாக் காடு தொடர்ச்சியாக இருந்தது. இன்று துண்டு துண்டாகத்தான் மிச்சம். நமக்கு வடக்கே பழவேற்காட்டைத் தாண்டி ஸ்ரீஹரிகோட்டாவில் ஒரு துண்டு. தெற்கே மரக்காணம், புதுச்சேரிப் பக்கத்துக் கோயில் காடுகளில் சில துண்டுகள். அந்தக் காட்டுக்கும் கீழ்மாடி உண்டு. அங்கே காரை, பாவட்டை, தரணி, வெட்சி, நுணா இருக்கும். இவை எல்லாமே காப்பியின் குடும்பம்தான். இலைகள் எதிரெதிராக இருப்பதையும், இரண்டு காம்புக்கு நடுவில் சின்ன முக்கோணச் செதில் இருப்பதையும் பார்த்தால் குடும்ப முகம் தெரிந்துவிடும். காப்பிப் பேரினத்தையே சேர்ந்த காஃபியா வைட்டியானா என்ற காட்டுச் செடிகூடத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வறண்ட காடுகளில் இருக்கிறது. ஆப்பிரிக்காவுக்குப் போகவே வேண்டாம்.

இவற்றில் நம் தோப்புக்கு உதவுகிறவற்றைச் சொல்கிறேன்.

நுணா, அதாவது மஞ்சணத்தி: உப்பையும் வறட்சியையும் தாங்கும். வேரில் மஞ்சள் சாயம் உண்டு. தோப்பின் வெளிச்சமான ஓரத்துக்கு ஏற்றது. தழை மூடாக்குக்கு ஆகும்.

காரை: முள் வேலி. ஆடு, மாடு நுழையாது. பழத்தைப் பிள்ளைகளும் குருவிகளும் தின்னும்.

ஆடாதோடை, நொச்சி: இவை வேறு குடும்பம். ஆடாதோடை நல்ல நிழலிலும் வரும், ஆடு தொடாது. இரண்டும் ஐந்திலைக் கரைசலுக்கு வேண்டியவை. வேலியிலேயே மருந்துக்கடை வைத்த மாதிரி.

கறிவேப்பிலை: பணம் தருவது இதுதான். எலுமிச்சைக் குடும்பத்துச் சிறு மரம், நம் நாட்டுக் காடுகளில் பெரிய மரங்களுக்குக் கீழே தானாக வருவது. குயிலும் கொண்டைக்குருவியும் பழத்தைத் தின்று, வேப்ப மரத்தடியில் விதை போடும். அங்கே முளைத்து நிற்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கே வைக்க வேண்டும் என்று பறவையே சொல்லித்தருகிறது. முழு வெயிலில் தனிப்பயிராக வைத்தால் தழை இன்னும் அதிகம் வரும், மறுக்கவில்லை. நாம் தேடுவது தென்னையை வெட்டாமல் கீழே கிடைக்கிற வருமானம். சந்தையும் இருக்கிறது. 2015-ஐ ஒட்டி நம் மாநிலத்திலிருந்து போன கறிவேப்பிலையில் பூச்சிமருந்து எச்சம் இருந்ததாகக் கேரளத்தில் பெரிய பேச்சானது. தினமும் தாளிப்பில் போடும் இலையில் விஷம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, மருந்தடிக்காத கட்டைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

செய்முறை

1. இடக் கணக்கு. தென்னைக்குத் தென்னை 25 அடி, அதாவது ஏழரை மீட்டர். ஒரு மரத்துக்கு 56 சதுர மீட்டர் நிலம். தென்னை வேரில் பெரும்பகுதி அடிமரத்திலிருந்து 2 மீட்டர் ஆரத்துக்குள்தான் இருக்கும். அந்த வட்டத்தின் பரப்பு பன்னிரண்டரை சதுர மீட்டர். அதாவது 100-க்கு 22 பங்குதான் தென்னை வேர் முக்கியமாகப் பிடித்திருக்கும் இடம். அந்த வட்டத்துக்குள் எதுவும் வைக்காதீர்கள். மீதி 78 பங்கு நம் கையில். காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் தென்னையில் பல்லடுக்கு சாகுபடியைச் சொன்னதும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

2. வயதுக் கணக்கு. நட்ட ஏழெட்டு வருடம் வரை தென்னைக்குக் கீழே வெயில் தாராளம், பயறு, காய்கறி எதுவும் வரும். அதன்பிறகு சுமார் 20, 25 வயது வரை மட்டை தாழ்ந்து நிழல் அடர்த்தி. அந்தக் காலத்தில் நிழல் தாங்கும் பயிர் மட்டும். அதற்கு மேல் மரம் உயர்ந்து மறுபடி வெயில் இறங்கும். எங்கள் பக்கத் தோப்புகள் பெரும்பாலும் பழையவை, அடிமரத்துக்குத் தோதானவை.

3. வெளிச்சக் கணக்கு. இதற்குக் கருவி வேண்டாம். 50 அடிக் கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு போடுங்கள். மேகம் இல்லாத நாளில் பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டரைக்குள் தோப்புக்குள் தரையில் நீட்டுங்கள். வெயில் படும் முடிச்சை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 15 முடிச்சில் வெயில் என்றால் 100-க்கு 30 வெளிச்சம். நாலு இடத்தில் எடுத்துச் சராசரி போடுங்கள். தையில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை எடுங்கள். நான் வைத்திருக்கும் கணக்கு இது: 20-க்குக் கீழே என்றால் ஆடாதோடை மட்டும். 20 முதல் 40 வரை மஞ்சள், சேனைக்கிழங்கு, வெட்சி. 40-க்கு மேல் கறிவேப்பிலை, வாழை, நுணா.

4. உப்புக் கணக்கு. கிணற்றுத் தண்ணீரைக் கார்த்திகை கழிந்து ஒருமுறை, வைகாசியில் ஒருமுறை பரிசோதியுங்கள். மின்கடத்துதிறன் 0.7 டெசிசைமனுக்குக் கீழே என்றால் கவலை இல்லை. 3-க்கு மேலே போனால் தென்னையோடு நுணாவும் வேலிச் செடியும் போதும், கறிவேப்பிலைக்குச் செலவு செய்யாதீர்கள். நடுவில் இருந்தால் வடகிழக்குப் பருவமழைதான் நமக்கு வைத்தியர். வரப்பை உயர்த்தி மழைநீரைத் தோப்பிலேயே நிறுத்தி, மண்ணுக்குள் இறங்க விட்டு, உப்பைக் கீழே கழுவ வேண்டும். கறிவேப்பிலை மட்டும் மேட்டுப்பாத்தியில் இருக்கட்டும், அதற்கு நீர் தேங்கக் கூடாது.

5. தூசிக் கணக்கு. இது நம் வட்டாரத்துக்கே உரியது. மேலே இருக்கும் தென்னை மட்டைக்குத் தேவைக்கு மேல் வெயில் இருக்கிறது, தூசி படிந்து கொஞ்சம் குறைந்தால் தாங்கும். கீழே 100-க்கு 30, 40 வெளிச்சத்தில் வாழும் இலைக்கு ஒவ்வொரு துளியும் சாப்பாடு. அதன் மேல் தூசி படிந்தால் நேராக வயிற்றில் அடி. மாசி முதல் ஆடி வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை காலையில் இலையை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். இதற்கு உப்புக் கிணற்று நீர் ஆகாது, பண்ணைக்குட்டையில் பிடித்த மழைநீர் வேண்டும். விற்பனைக்குப் பறிக்கும் தழையையும் கழுவியே கட்டுங்கள். ரோட்டோர வேலியில் நொச்சியை அடர்த்தியாக வைத்தால் தூசியில் ஒரு பகுதி அதிலேயே நின்றுவிடும்.

6. மூடாக்கு. மட்டை, பாளை, சருகு எல்லாம் தரைக்கே. மண் மூடியிருந்தால் கோடையில் உப்பு மேலே ஏறிப் பூப்பது குறையும். ஒரே எச்சரிக்கை: தோப்புக்குள் சாணக் குப்பை மேடு வைக்காதீர்கள். காண்டாமிருக வண்டு அங்கேதான் முட்டை வைக்கும். எருக்குழி தோப்புக்கு வெளியே இருக்கட்டும், அதிலும் மெட்டாரைசியம் பூஞ்சையைக் கலந்து விடுங்கள்.

7. ஜன்னல் திறப்பது. காய்ந்த மட்டையை அவ்வப்போது எடுத்தாலே வெளிச்சம் இறங்கும். பச்சை மட்டையை வெட்டாதீர்கள், அது தென்னையின் சம்பளத்தில் கை வைப்பது. வேலியோரம் கல்யாண முருங்கை கொம்பு ஊன்றி, புரட்டாசியில் கழித்து மூடாக்குப் போடுங்கள். பங்குனி, சித்திரையில் அது நிழல் கொடுக்கும்.

கறிவேப்பிலை நடவு

ஆடி, ஆவணியில் பழம் கறுத்துத் தொங்கும். நல்ல வாசனை உள்ள தாய் மரத்தைப் பார்த்துப் பழம் எடுங்கள். சதையைப் பிசைந்து கழுவி, மூன்று நாலு நாளுக்குள் விதைத்துவிட வேண்டும். வைத்திருந்தால் முளைப்பு போய்விடும். மூன்று வாரத்தில் முளைக்கும். ஒரு வருட நாற்றை அடுத்த ஆடிப் பட்டத்தில் நடலாம். செடிக்குச் செடி நாலு, ஐந்து அடி. மூன்றடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், ஐந்தாறு பக்கக் கிளை வரும். மாதம் இருமுறை ஜீவாமிர்தம், தழை எடுத்த பிறகு மீன் அமிலம் போதும். சாறு உறிஞ்சும் பூச்சி தெரிந்தால் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு. பட்டாம்பூச்சிப் புழு நாலு இலை தின்றால் விட்டுவிடுங்கள், நிறைய இருந்தால் கையால் எடுங்கள்.

என் தோப்பில் தென்னைக்கு நடுவே இந்த முறையில் கறிவேப்பிலையும் மஞ்சளும் சேனையும் இருக்கிறது. வாரம் ஒருமுறை தழை கட்டு கட்டி மீஞ்சூர் கடைக்குப் போகிறது. பெரிய பணம் என்று சொல்ல மாட்டேன். தேங்காய்ப் பணத்தைத் தொடாமல் ஆள் கூலியும் மோட்டார் ரிப்பேரும் இதில் நடக்கிறது. தேங்காய் விலை இறங்கிய மாதத்தில் நிலத்தை விலை கேட்டு வருகிறவரிடம் உட்கார்ந்து பேச வேண்டிய அவசியம் வரவில்லை. எனக்கு அதுதான் லாபம்.

காப்பி நாற்றுக்கு முன்பணம் கொடுக்க நினைக்கிறவர்கள், அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் கயிற்றைத் தோப்பில் நீட்டி முடிச்சை எண்ணிப் பாருங்கள். தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதி அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அவரவர் தோப்புக்கு எந்த அடிமரம் என்று சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்வோம். பழம் பறிக்கும் பருவம் வரும்போது விதை வேண்டுகிறவர்கள் பை எடுத்து வாருங்கள். என் தோப்பில் குயிலுக்குப் போக மிச்சம் இருக்கும்.